இருவருக்கான அறை

லங்காப் ஆலை எடைமேடையில்
எனக்குப் பதினோரு வருடம்.
குலையோடு வரும்போது ஒருமுறை,
கொட்டிவிட்டுப் போகும்போது ஒருமுறை.
கழித்தால் வருவது சரக்கு.

பங்கோருக்கும் அப்படித்தான் கணக்குப் போட்டேன்.
வீட்டுத் தவணை, மதியரசியின் டியூஷன்,
மாமாவுக்கு இன்சுலின்,
எல்லாம் கழித்து மைலோ டின்னில் நின்றது
நானூற்றுப் பன்னிரண்டு வெள்ளி.

நவம்பரில் போய் யாராவது கடல் குளிப்பார்களா என்று
ஆபீஸில் சிரித்தார்கள்.
நவம்பர் என்பதால்தான் அறை பாதி விலை.
அதை நான் சொல்லவில்லை.

அறை இருவருக்கு.
நாங்கள் ஆறு பேர்.

புவனேந்திரனும் நானும் போய்ச் சாவி வாங்குவது.
பிள்ளைகள் மூவரும் கொழுந்தனும்
இருவாச்சி பார்க்க வந்தவர்கள் மாதிரி
மரத்தடியில் அண்ணாந்து நிற்பது.
இருட்டியதும் ஒவ்வொருவராக உள்ளே.
பெர்ரியில் மூன்று தடவை ஒத்திகை பார்த்தோம்.
"அப்ப நாம திருடங்களாம்மா?"
ருத்ரேஷ் கேட்டது
படகு முழுக்கக் கேட்டது.

மழையிலேயே இறங்கினார்கள் கடலில்.
நனைந்தபின் எது மேலேயிருந்து, எது கீழேயிருந்து.
புவனேந்திரன் முழங்காலளவு நீரில்
பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு நின்றான்,
கையில் ஐந்து ஜோடிச் செருப்பு.
இருபது டன் லாரி ஓட்டுகிறவன்
ஒவ்வொரு அலைக்கும்
வலது காலால் பிரேக் தேடினான்.

இளநீர் எட்டு வெள்ளி என்றாள் கடைக்காரி.
ஒரு டன் குலை இந்த வாரம் என்ன விலை என்று
எனக்குத் தெரியும்.
தாகமில்லை என்றேன்.

ஏழரைக்கு
ஜன்னல் திரையை இழுத்துவிட்டு
ரைஸ் குக்கரைச் சொருகினேன்.
டப்.
எங்கள் அறை, பக்கத்து அறை, அதற்கடுத்தது,
வாசல் விளக்கு, பெயர்ப்பலகை,
வரிசையே அணைந்தது.

இருட்டில் கதவுகள் திறக்கிற சத்தம்.
மெங்லெம்பு சீனத் தம்பதி எதையோ சொல்லிச் சிரிக்க,
யாரோ ஒரு குழந்தை வீறிட,
டார்ச்சோடு வந்தார் ரோஸ்லி.
முதலில் குக்கரைப் பார்த்தார்.
பிறகு வெளிச்சம் மெதுவாக நகர்ந்தது,
என் முகம், அவன் முகம்,
அலமாரியோரம் கொழுந்தன்,
ஈரத் தலையோடு இரண்டு பெண்பிள்ளைகள்.
கட்டிலுக்கு அடியிலிருந்து
தானாகவே கை தூக்கினான் ருத்ரேஷ்,
வகுப்பில் வருகை சொல்வதுபோல.

"எனாம்" என்றார் ரோஸ்லி.
மலாயில் ஆறு.
என் காதில் விழுந்தது 'இனாம்'.

பேசாமல் போனார்.
நான் பையைக் கட்ட ஆரம்பித்தேன்.
கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று
புவனேந்திரன் யாரிடமும் இல்லாமல் கேட்டான்.
திரும்பி வந்தவர் தலையில்
சுருட்டிய மெத்தை ஒன்று.
பின்னால் அவர் மனைவி.
அரைவேக்காட்டு அரிசியைக் குக்கரோடு தூக்கிப்போய்த்
தன் காஸ் அடுப்பில் வைத்தாள்.
என் நெத்திலிச் சம்பலில்
பாதி அவர்கள் வீட்டுக்குப் போனது.
அவர்கள் வீட்டுக் கருவாடு இங்கே வந்தது.
மெத்தைக்குப் பத்து வெள்ளி என்றார்
சாப்பிட்டு முடித்தபிறகு.
கொடுத்தேன்.
இனாம் என் காதோடு சரி.

நடுச்சாமம் எனக்கு மட்டும் விழிப்பு.
பாயிலர் மாதிரியே இரைந்துகொண்டிருந்தது வெளியே.
ஷிப்ட் முடிகிற சங்குக்காகக் காத்திருந்து
அது வராது என்பது
உறைக்கவே நேரமானது.
எழுந்து போய்க் கணுக்கால் நனைய நின்றேன்.
எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை.

திங்கள் காலை.
முதல் லாரி போனதும், அடுத்தது வருமுன்,
எடைமேடையில் நானே ஏறி நின்றேன்.
செருப்பின் வாரிடுக்கில் இன்னும் மணல்.
ஜன்னல் வழியே சிவப்பு எண் தெரிந்தது, அறுபது.
பத்துக் கிலோவுக்குக் குறைந்த எதையும்
எங்கள் மேடை காட்டாது.
போன வாரமும் அறுபதுதான்.